பூங்காவுக்கு எதற்கு நண்பர்கள்?

'பூங்கா' என்று சொன்னதும் நம் மனதில் வருவது ஊஞ்சல், சறுக்குமரம், வாசலில் ஒரு சுண்டல் வண்டி. அமெரிக்காவின் மாநிலப் பூங்காவை, அதாவது 'ஸ்டேட் பார்க்'கை, பற்றிப் பேசும்போது இந்தப் படத்தை முதலில் அழித்துவிட வேண்டும். அது பெரும்பாலும் ஒரு காடு. இல்லையென்றால் ஏரி, கடற்கரை, அருவி, சில இடங்களில் பழைய கோட்டை. சில நூறு ஏக்கரிலிருந்து பல்லாயிரம் ஏக்கர் வரை இருக்கும். உள்ளே நடைத்தடங்கள், கூடாரம் போட்டுத் தங்கும் இடங்கள், கழிப்பறைகள், ஒரு சிறிய பார்வையாளர் மையம். சொந்தக்காரர் மாநில அரசு. அங்கே வாழும் தமிழர்களுக்கு இது புதிய இடமில்லை. கோடைக்காலத் தமிழ்ச் சங்கப் பிக்னிக் பல ஊர்களில் இப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கும்.

யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் எல்லாம் வேறு வகை. அவை மத்திய அரசின் தேசியப் பூங்காக்கள். புகழ் அவற்றுக்கு, கூட்டம் மாநிலப் பூங்காக்களுக்கு. தேசியப் பூங்கா அமைப்பின் கையில் இருப்பது சுமார் 8.5 கோடி ஏக்கர். வருகை ஆண்டுக்கு 33 கோடி அளவில். எல்லா மாநிலப் பூங்காக்களையும் சேர்த்தால் நிலம் சுமார் 2 கோடி ஏக்கர்தான். வருகையோ 80 கோடி. இத்தனை கால்கள் நடந்தால் தடம் தேயும், கழிப்பறை நிரம்பும், பலகை உடையும்.

இதையெல்லாம் கவனிக்க ஒரு சராசரிப் பூங்காவில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு மேலாளர், சில ரேஞ்சர்கள், பராமரிப்புக்கு இரண்டு மூன்று பேர், கோடையில் மட்டும் வரும் தற்காலிகப் பணியாளர்கள். மேலாளர் ஒருவரே இரண்டு பூங்காக்களைப் பார்ப்பதும் உண்டு. பணம் வருவது நுழைவுக் கட்டணம், முகாம் கட்டணம், மாநில சட்டமன்றம் ஒதுக்கும் தொகை ஆகியவற்றிலிருந்து. பென்சில்வேனியா போன்ற மாநிலத்தில் நுழைவுக் கட்டணமே கிடையாது. மாநிலத்தின் கஜானா வறண்டால் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் கை வைக்க அரசியல்வாதிகள் தயங்குவார்கள். பூங்காவில் கை வைக்க அவ்வளவாகத் தயங்க மாட்டார்கள். மரம் வந்து ஓட்டுப் போடாதே!

இந்த இடத்தில்தான் 'ஃபிரண்ட்ஸ் குரூப்' வருகிறது. ஒரு குறிப்பிட்ட பூங்காவை நேசிக்கும் சுற்றுவட்டார மக்கள் சேர்ந்து நடத்தும் தன்னார்வக் குழு. இதை 'நண்பர்கள் குழு' என்றே சொல்லலாம்.

32 டாலரில் தொடங்கிய கதை

இந்தக் குழுக்கள் பூங்காக்களுக்குப் பிறகு வந்தவை என்று நினைப்போம். பல இடங்களில் நடந்தது நேர்மாறு. குழு முதலில் வந்தது, பூங்கா அப்புறம்தான் வந்தது.

1899-1900 வாக்கில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் ஆண்ட்ரூ ஹில் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். சாண்டா குரூஸ் மலையில் தனியார் ஒருவருக்குச் சொந்தமான, ரெட்வுட் என்ற ராட்சத மரங்களின் தோப்புக்குப் படமெடுக்கப் போனார். எடுத்து முடித்ததும் நில உரிமையாளர் நெகட்டிவைக் கொடு என்று சண்டைக்கு வந்துவிட்டார். ஹில்லுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கும் மரத்தைப் படமெடுக்க இன்னொருவர் அனுமதி எதற்கு, இவை பொதுச்சொத்தாக வேண்டும் என்று கிளம்பினார். 1900 மே மாதம், அதே மலையில் பிக் பேசின் என்ற காட்டுக்குள் ஒரு சிறு குழு முகாமிட்டது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசி, செம்பர்வைரன்ஸ் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ரெட்வுட் மரத்தின் தாவரவியல் பெயரில் வரும் சொல் அது. தொப்பியைச் சுற்றி அனுப்பியதில் வசூலானது 32 டாலர்.

அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா சட்டமன்றம் அந்தக் காட்டை வாங்க 2,50,000 டாலர் ஒதுக்கியது. 1902இல் 3,800 ஏக்கர் மாநிலத்தின் கைக்கு வந்தது. இன்று கலிஃபோர்னியாவிலேயே பழைய மாநிலப் பூங்கா அதுதான். 18,000 ஏக்கருக்கு மேல் வளர்ந்துவிட்டது. நாட்டின் மறுமுனையில் நயாகரா அருவிக்கும் இதே கதைதான். கரையெல்லாம் ஆலைகளும் வேலிகளும் முளைத்து, அருவியைப் பார்க்கவே காசு கொடுக்க வேண்டிய நிலை வந்தபோது அதை மீட்கப் பொதுமக்கள் இயக்கம் நடத்தினார்கள். 1885இல் அது நியூயார்க் மாநிலத்தின் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

பிக் பேசினுக்கு ஒரு பின்கதையும் உண்டு. 2020 ஆகஸ்டில் மின்னலால் பற்றிய தீயில் பூங்காவின் 97 சதவீதம் எரிந்தது. பழைய தலைமையகக் கட்டடம் சாம்பலானது. ரெட்வுட் மரங்கள் பெரும்பாலும் தப்பித்து, கருகிய தண்டிலிருந்தே பச்சையாகத் துளிர்த்தன. 2022 ஜூலையில் பூங்காவை ஓரளவு திறந்தபோது கார் நிறுத்த முன்பதிவு கட்டாயம் என்றார்கள். அந்த முன்பதிவை ஏற்று நடத்தியது, சாண்டா குரூஸ் வட்டாரப் பூங்காக்களுக்கென்று இருக்கும் நண்பர்கள் குழு. சட்டமன்றத்தில் போய் நிலம் கேட்பதும் இதே வகைக் குழுதான், வண்டி நிறுத்தச் சீட்டுக் கொடுப்பதும் இதே வகைக் குழுதான். வேலையின் அகலம் அவ்வளவு.

தன்னார்வலரும் நண்பரும் ஒன்றா?

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். பூங்கா நிர்வாகமே நேரடியாகத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ளும். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ரேஞ்சர் சொல்லும் வேலையைச் செய்துவிட்டு வரலாம். கூடார முகாமில் மாதக்கணக்கில் தங்கி வருகிறவர்களுக்கு உதவும் 'கேம்ப் ஹோஸ்ட்'களும் அந்த வகை. வேலைக்குக் கூலி என்று பார்த்தால், தங்கள் வண்டி வீட்டை நிறுத்த இலவச இடம்தான். இவர்கள் பூங்காவின் தன்னார்வலர்கள்.

நண்பர்கள் குழு தனி அமைப்பு. அதற்கென்று தலைவர், செயலாளர், பொருளாளர், வங்கிக் கணக்கு, பைலா எல்லாம் இருக்கும். அரசின் கிளை கிடையாது. அதனால் அரசால் முடியாத சிலவற்றைச் செய்ய முடியும். ஒருவர் பூங்காவுக்கென்று 500 டாலர் கொடுக்க விரும்பினால் அது மாநிலத்தின் பெரிய கணக்கில் கலந்து காணாமல் போகாமல், அவர் ஆசைப்பட்ட அந்த ஒரு பாலத்துக்கே போய்ச் சேரும்படி குழு பார்த்துக்கொள்ளும். அரசு கொள்முதல் விதிப்படி மூன்று மாதம் ஆகும் ஒரு மண்வெட்டியை மாலையே வாங்கிக் கொடுக்கும்.

பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் சட்டமே 'குடிமக்கள் ஆதரவு அமைப்பு' என்று இதை வரையறுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 'ஒத்துழைக்கும் சங்கம்' என்ற பொருளில் ஒரு பெயர். ஜார்ஜியாவில் மாநிலம் முழுவதற்கும் ஒரே தாய் அமைப்பு. பல பூங்காக்களில் அதன் கிளைகள். பென்சில்வேனியாவிலும் ஓர் அறக்கட்டளை கிளைக் குழுக்களை அரவணைத்து நடத்துகிறது. உங்கள் மாநிலத்தில் இப்படிக் குடை இருந்தால் அதன் கீழே போய் நின்றுகொள்ளுங்கள். பாதிக் காகித வேலை மிச்சம்.

தொடங்குவது

ஐந்தாறு பேர் சேர்ந்ததும் நேராக வக்கீலைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. லோகோ வரைகிறவர்கள் இன்னும் அதிகம். முதலில் போய் உட்கார வேண்டிய இடம் பூங்கா மேலாளரின் அறை. "எங்களுக்கு இதெல்லாம் செய்ய ஆசை" என்று பட்டியலை நீட்டாமல், "உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் மூன்று பிரச்சினை என்ன?" என்று கேட்க வேண்டும். குழுவுக்குத் திட்டத்தில் இருந்தது வண்ணத்துப்பூச்சித் தோட்டமாக இருக்கலாம். மேலாளருக்கோ மழைக்காலத்தில் அரித்துக்கொண்டு போகும் ஒரு தடம்தான் தலைவலி. தடத்தைச் சரிசெய்து கொடுத்த பிறகு வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்.

மேலாளருக்கும் ஒரு பயம் இருக்கும். இவர்கள் உற்சாகமாக வந்து, பாதியில் விட்டுவிட்டுப் போவார்களா? இல்லை, பூங்காவை நாங்கள்தான் நடத்துகிறோம் என்ற நினைப்பில் உத்தரவு போடத் தொடங்குவார்களா? இரண்டும் நடக்கிற விஷயங்கள்தான். அதனால்தான் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். யார் எதை முடிவு செய்வது, பூங்காவுக்குள் கடை வைத்தால் வருமானம் எங்கே போவது, பூங்காவின் பெயரையும் சின்னத்தையும் எங்கே பயன்படுத்தலாம், குழு கலைந்தால் கையிருப்பு யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். பல மாநிலங்களில் இதற்குத் தயார் மாதிரியே வைத்திருக்கிறார்கள். சுமுகமாக இருக்கும்போது இதைப் படிக்க அலுப்பாக இருக்கும். மேலாளர் மாற்றலாகிப் புதியவர் வரும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

அடுத்தது சட்டப் பதிவு. மாநிலத்தில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிய வேண்டும். வரித்துறையிடமிருந்து ஓர் அடையாள எண் வாங்க வேண்டும். வங்கிக் கணக்குத் திறக்க அது தேவை. அப்புறம் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி. மத்திய வருமானவரிச் சட்டத்தின் பிரிவு எண் அது. இந்தத் தகுதி இருந்தால் நன்கொடையாளர் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பல மானியங்களுக்கு விண்ணப்பிக்கவும் இது வேண்டும். ஆண்டு வரவு 50,000 டாலருக்கு மிகாது என்று எதிர்பார்க்கும் சிறு அமைப்புக்கு 1023-இஸட் என்ற எளிய படிவம் இருக்கிறது. கட்டணம் 275 டாலர். பெரிய படிவத்துக்கு 600.

பதிவு செய்து முடித்ததோடு கதை முடியாது. சிறு அமைப்புகள் ஆண்டுதோறும் 990-என் என்ற மின்னஞ்சலட்டையை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். நிரப்பப் பத்து நிமிடம் ஆகாது. அதனாலேயே மறந்துவிடுகிறார்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு மறந்தால் வரிவிலக்குத் தானாகவே ரத்தாகிவிடும். யாரும் வந்து கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள். பொருளாளர் ஊர் மாறிப் போகிறார், கடிதங்கள் அவருடைய பழைய முகவரிக்குப் போகின்றன, புதியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குழுவுக்கென்று ஒரு தபால் பெட்டியும் பொது மின்னஞ்சலும் வைத்துக்கொண்டால் இந்த விபத்தைத் தவிர்க்கலாம்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. 1997ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தன்னார்வலர்களைச் சாதாரணக் கவனக்குறைவுக்கான வழக்குகளிலிருந்து காக்கிறது. தனி மனிதரைத்தான் காக்கும், அமைப்பை இல்லை. ஆகவே குழுவுக்குப் பொறுப்புக் காப்பீடு தேவை. பூங்காவின் தன்னார்வலர் படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பல மாநிலங்களில் அப்படிப் பதிந்தவருக்கு வேலையில் அடிபட்டால் மாநிலமே ஈடு தரும். மரம் அறுக்கும் 'செயின்சா'வைச் சான்றிதழ் உள்ளவர் மட்டும்தான் தொடலாம். "எங்கள் வீட்டில் நான் வெட்டாத மரமா?" என்று வருகிறவரிடம்தான் அதிகக் கவனம்.

காட்டில் என்ன வேலை?

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். மலைத்தடத்தின் முதல் எதிரி மனிதக் கால் இல்லை, மழைநீர். தடம் சற்றே குழிந்துவிட்டால் மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். மண் கரைந்து, வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். சேற்றைப் பார்த்து நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். அந்த ஓரமும் சேறாகும். இன்னும் ஒதுங்குவார்கள். இரண்டடித் தடம் இப்படித்தான் எட்டடி மைதானமாகிறது. மருந்து எளிது: தடத்தைப் பள்ளத்துப் பக்கமாக லேசாகச் சாய்த்துவிடுவது, ஆங்காங்கே குறுக்காக ஒரு கட்டையையோ கல்வரிசையையோ பதித்து நீரை வெளியே திருப்புவது. நம்மூரில் வயலுக்கு மடை திருப்பியவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்லித்தர எதுவும் இல்லை. கருவி, ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டியுமாக இருக்கும் 'புலாஸ்கி'. 1910இன் பெரும் காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்க் காப்பாற்றிய வனத்துறை ரேஞ்சர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு.

அடுத்தது களை. நமக்குச் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் எப்படியோ, அமெரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதிக் காடுகளுக்குக் 'கார்லிக் மஸ்டர்ட்' அப்படி. கசக்கினால் பூண்டு வாசனை வரும். ஐரோப்பாவிலிருந்து சமையலுக்கும் மருந்துக்கும் கொண்டுவந்த செடி. இப்போது மரநிழலில் கம்பளம் மாதிரிப் படர்ந்து உள்ளூர்க் காட்டுப் பூக்களை எழவிடாமல் செய்கிறது. இரண்டாண்டுச் செடி. முதல் ஆண்டு தரையோடு இலைக்கொத்து. இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் தண்டு விட்டு வெள்ளைப் பூ. அந்தப் பூ விதையாவதற்கு முன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கியதை அங்கேயே போட்டால் கிடந்த இடத்திலேயே விதை முற்றிவிடும். பையில் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதைகள் பல ஆண்டு காத்திருக்கும். ஆக, ஒரே இடத்துக்கு வருடா வருடம் போயாக வேண்டும்.

குழு நடத்துகிறவர்களுக்கு இந்தச் செடி ஒரு வரப்பிரசாதம் என்று எனக்குத் தோன்றும். ஆறு வயதுக் குழந்தை முதல் எழுபது வயதுப் பாட்டி வரை யாரும் செய்யலாம், கருவி வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் எத்தனை மூட்டை என்று எண்ணிப் பார்க்கலாம். தொடக்கத்தில் இப்படிப்பட்ட வேலையைத்தான் தேட வேண்டும். முதல் ஆண்டிலேயே பார்வையாளர் மையம் கட்டப்போகிறோம் என்று கிளம்பிய குழுக்கள் மூன்றாம் ஆண்டில் கூட்டம் கூட்ட ஆளில்லாமல் நிற்கும். ஒரு பெஞ்சு, ஒரு சிறு மரப்பாலம், ஒரு தடத்தின் வழிகாட்டிப் பலகைகள் என்று முடித்துக் காட்டக்கூடியதாக எடுங்கள்.

இதுபோக வரலாற்று நடைகள், பறவை பார்த்தல், நினைவுப்பொருள் கடை, முகாமுக்கு விறகு விற்பது என்று வேலைகள் நிறைய உண்டு. விறகு அற்ப விஷயமாகத் தெரியும். வெளியூர் விறகோடு மரத்தைத் துளைக்கும் பூச்சியும் வந்துவிடும் என்பதால் பல பூங்காக்கள் உள்ளூர் விறகையே வாங்கச் சொல்கின்றன. குழுவுக்கு அது நிலையான வருமானம்.

பணம்

சந்தா, நன்கொடை, கடை, விறகு. சிறு குழுவின் வரவு இதற்குள் அடங்கிவிடும். இவற்றை விளக்க வேண்டியதில்லை. காசோலைக்கு இரண்டு கையெழுத்து என்ற விதியை முதல் நாளே வையுங்கள்; யாரையும் சந்தேகப்பட்டு அல்ல, பின்னால் யாரும் யாரையும் சந்தேகப்படாமல் இருக்க.

விளக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உழைப்பைப் பணமாகக் கணக்குக் காட்டுவது. அமெரிக்க மானியங்கள் பலவற்றில் 'உங்கள் பங்கு எவ்வளவு?' என்ற கேள்வி வரும். நடைத்தடங்களுக்கான ஒரு மத்திய மானியத்தில் பொதுவாக 80 சதவீதம் அவர்கள், 20 சதவீதம் நாம். அந்த 20 சதவீதத்தைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை; தன்னார்வலரின் நேரமாகவும் தரலாம். ஒரு மணி நேரத் தன்னார்வ உழைப்பின் மதிப்பை 'இண்டிபெண்டன்ட் செக்டர்' என்ற அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023க்கு அது 33 டாலர் 49 சென்ட்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 பேர் ஒரு சனிக்கிழமை 4 மணி நேரம் வேலை செய்தால் 80 மணி நேரம். மணிக்கு 33 டாலர் வைத்தால் 2,640 டாலர். இது 20 சதவீதம் என்றால் மொத்தத் திட்டம் 13,200 டாலர். மானியமாக வரக்கூடியது 10,560. எந்த வேலைக்கு எந்த மதிப்பு, எந்தத் தேதியிலிருந்து கணக்கில் சேரும் என்பதை மானியம் தருகிறவர் சொல்வார்; அதற்கேற்ப இது கூடும், குறையும். எப்படியும் வருகைப் பதிவேடு இல்லாவிட்டால் எல்லாம் பூஜ்யம். பெயர், தேதி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. சேற்றுக் கையோடு இருப்பவர்களைப் பிடித்து நிறுத்திக் கையெழுத்து வாங்க ஒரு பிடிவாதக்காரர் தேவை. அவர்தான் குழுவுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுப்பவர்.

ஆட்கள்

குழுக்கள் பணமில்லாமல் மூடுவதைவிட ஆளில்லாமல் மூடுவதுதான் அதிகம். தொடங்கிய ஐந்து பேரே பதினைந்து ஆண்டு கழித்தும் தலைவர், செயலாளர், பொருளாளர். "யாரும் முன்வருவதில்லை" என்பார்கள். யாரையாவது கேட்டீர்களா என்றால், கூட்டத்தில் அறிவித்தோம் என்பார்கள். நம்மூர்க் கோயில் கமிட்டியிலும் சங்கத்திலும் இதைப் பார்க்காதவர் யார்?

எல்லாரையும் பார்த்துச் சொன்னால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரைத் தனியாகப் பார்த்து, "நீங்கள் எடுக்கும் படங்கள் நன்றாக இருக்கின்றன, மாதம் ஒரு முறை நம் செய்திமடலுக்கு மூன்று படம் தேர்ந்து தர முடியுமா? டிசம்பர் வரைக்கும் போதும்" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் பதில் வரும். வேலை எது, எவ்வளவு நேரம், எப்போது முடியும் என்ற மூன்றும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கமிட்டியில் சேருங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் ஆயுள் தண்டனை மாதிரிக் காதில் விழும். பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்துப் பைலாவிலேயே எழுதிவிட்டால் போகிறவருக்கும் நிம்மதி, வருகிறவருக்கும் வழி.

நான் முதன்முதலில் போன வேலை நாள் ஒன்று நினைவில் இருக்கிறது. எந்தப் பூங்கா என்று சொல்லப் போவதில்லை. அறிவிப்பைப் பார்த்து நாற்பது பேர் வந்துவிட்டார்கள். கருவி பத்துப் பேருக்குத்தான். மீதி முப்பது பேரும் நிழலில் நின்று கதை பேசினோம், ஆளுக்கொரு டோனட் சாப்பிட்டோம், பதினொரு மணிக்குக் கலைந்தோம். அடுத்த மாதம் பன்னிரண்டு பேர். வந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. வேலை செய்ய வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி, ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது ஒன்று, கடைசியில் செய்த இடத்தைக் காட்டி ஒரு படம் என்று வைத்திருந்தால் அந்த நாற்பதில் பாதியாவது திரும்பியிருக்கும்.

புதியவர்களைத் தேட, அவர்கள் ஏற்கெனவே கூடும் நாட்களைப் பயன்படுத்தலாம். ஜனவரி 1 அன்று மாநிலப் பூங்காக்களில் வழிகாட்டியோடு நடக்கும் 'முதல் நாள் நடை' அப்படி ஒன்று. 1992இல் மாசசூசெட்ஸின் ப்ளூ ஹில்ஸ் பகுதியில் தொடங்கி, 2012இல் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவியது. ஜூன் முதல் சனிக்கிழமை தேசியத் தடங்கள் தினம். செப்டம்பர் நான்காம் சனிக்கிழமை தேசியப் பொதுநில தினம். பள்ளி மாணவர்களுக்குச் சமூக சேவை மணி நேரம் தேவைப்படும். அலுவலகங்கள் ஊழியர்களைக் கூட்டமாக அனுப்பும். இன்னொரு கூட்டமும் இருக்கிறது: வாராவாரம் அடுப்பும் இறைச்சியுமாக வந்து பூங்காவை நிறைக்கும் குடியேறிய குடும்பங்கள். பல குழுக்களின் நிர்வாகத்தில் அவர்களில் ஒருவரும் இருப்பதில்லை. பூங்காவை அதிகம் பயன்படுத்துகிறவர்களிடம் யாரும் போய்ப் பேசவில்லை என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பிக்னிக் நடத்தும் நம் சங்கங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சாப்பிட்ட இலையை எடுத்துப் போடுவதோடு நம் உறவு முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உதவி எங்கே சுமையாகிறது

எல்லாம் நன்றாக நடந்தால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. குழு நன்றாகச் செய்யச் செய்ய, "அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்களே" என்று அரசு கையை விலக்கிக்கொள்ளும்.

2011 மே மாதம் கலிஃபோர்னியா, பணப் பற்றாக்குறையால் தன் 278 பூங்காக்களில் 70ஐ அடுத்த ஆண்டுக்குள் மூடப்போவதாக அறிவித்தது. நண்பர்கள் குழுக்கள் பதறின. லாப நோக்கற்ற அமைப்புகளே பூங்காவை நடத்தலாம் என்று அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. மக்கள் பணம் திரட்டினார்கள். எழுத்தாளர் ஜாக் லண்டன் வாழ்ந்த பண்ணையில் அமைந்த பூங்காவை 2012 மே முதல் ஓர் உள்ளூர் அமைப்பு ஏற்று நடத்தத் தொடங்கியது. அப்புறம் வந்தது அதிர்ச்சி. 2012 ஜூலையில், பூங்காத் துறையின் இரண்டு நிதிக் கணக்குகளில் சுமார் 5.4 கோடி டாலர் வெளியே சொல்லப்படாமல் கிடந்தது தெரியவந்தது. துறையின் இயக்குநர் பதவி விலகினார். பூங்காவைக் காப்பாற்ற வீட்டு உண்டியலை உடைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் ஜாக் லண்டன் பூங்காவை உள்ளூர்க்காரர்கள் நன்றாகவே நடத்தினார்கள். தன்னார்வலரால் பூங்காவை நடத்த முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. நடத்த வேண்டிய கட்டாயத்தில் அவர்களை நிறுத்துவது சரியா என்பதுதான் கேள்வி. என் கணக்கு இது: அன்றாடக் கழிப்பறைச் சுத்தம், ரேஞ்சர் சம்பளம், குடிநீர்க் குழாய் ஆகியவை அரசின் கடமை. குழு சேர்ப்பது அதற்கு மேலே உள்ளது. இந்த எல்லைக்கோட்டை ஒப்பந்தத்திலும் எழுதலாம், ஒவ்வொரு பட்ஜெட் நேரத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடம் போய்ச் சொல்லவும் செய்யலாம்.

'அரசியல் பேசினால் வரிவிலக்குப் போய்விடும்' என்ற பயம் பல குழுக்களில் இருக்கிறது. பாதிதான் உண்மை. 501(சி)(3) அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. அதில் சமரசமே இல்லை. ஆனால் பூங்காவுக்கு நிதி கேட்பது, ஒரு மசோதாவை ஆதரிப்பது போன்றவற்றை ஓர் அளவுக்குள் செய்யலாம். அளவை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளவும் ஒரு படிவம் இருக்கிறது. 2010இல் நியூயார்க் மாநிலம் 41 பூங்காக்களையும் 14 வரலாற்றுத் தலங்களையும் மூடத் திட்டமிட்டபோது எழுந்த கூச்சலில் சில மாதத்துக்குள் பணம் திரும்ப வந்தது. 2024 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் ஒன்பது பூங்காக்களுக்குள் கோல்ஃப் மைதானம், டென்னிஸ் மாதிரியான பிக்கிள்பால் விளையாட்டுக்கு ஆடுகளம், 350 அறைகள் வரை கொண்ட விடுதிகள் என்று ஒரு திட்டம் கசிந்தது. கட்சி பேதமில்லாமல் மக்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. மறு ஆண்டு, இப்படிப்பட்ட கட்டுமானங்களைத் தடுக்கும் சட்டமே வந்தது. பூங்காவைத் தெரிந்த மக்கள் ஏற்கெனவே இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் குரல் எழும்பியது.

முதல் முறை போகிறவர்களுக்கு

புதுக் குழு தொடங்கும் முன் உங்கள் பக்கத்துப் பூங்காவில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் ஒரு வேலை நாளுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். நம் கல்யாண வரவேற்பு நேரம் இல்லை. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, கையுறை, தண்ணீர். மூன்று மூன்று இலையாக இருக்கும் 'பாய்சன் ஐவி' எப்படி இருக்கும் என்று யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். பேன்ட்டின் நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள், பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தாலும். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். எள்ளளவுதான் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.